சிம் இல்லாத பாட்டுப்பெட்டி

ஆர்.கே.பேட்டை
11 ஆகஸ்ட் 2024

கிறிஸ்டி,

நீ இதைப் பிரிப்பாயா என்று தெரியவில்லை. உன் அண்ணன் ஸ்டீபன் கையில் கிடைத்தால் பிரிக்காமலே கிழித்துவிடுவான். ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு வேறு வழி இல்லை. இங்கே போன் கிடையாது. கேட்டில் நுழையும்போதே வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். முதல் மாதம் முழுக்க வீட்டு ஆட்களும் வரக்கூடாதாம். குடியை நிறுத்த வைக்கும் இந்த இல்லத்தை நடத்தும் சந்திரமோகன் சார், பேச வேண்டும் என்று தோன்றினால் எழுது என்கிறார். எழுத எழுதக் கை நடுக்கம் குறையுமாம். என் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும், குறையவில்லை.

டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினாய். வழியில் டீ வாங்கிக் கொடுத்தாய். கும்மிடிப்பூண்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாந்தோப்புக்கு நடுவே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. விடு.

இப்போது காது. உனக்குத் தெரிந்ததுதான். கம்பி மில்லில் வெட்டும் மிஷின் பக்கத்திலேயே இத்தனை வருடம் நின்றதில் காதுக்குள் ஒரு 'கீ' சத்தம் வந்து உட்கார்ந்துவிட்டது. மில்லில் இருக்கும்போது தெரியாது. வீட்டுக்கு வந்தால் கேட்கும். குடித்தால் கொஞ்சம் தள்ளிப் போகும். இங்கே குடியும் இல்லை, மில் சத்தமும் இல்லை. மாந்தோப்பில் இலை விழுந்தால் கேட்கிற அமைதி. அந்த அமைதியில் அது என் மண்டையையே அறுக்கிறது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. தோப்பைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் குப்புராஜ் என்று ஒரு லாரி டிரைவர். சிப்காட்டில் லோடு ஏற்றியவர், நம் மில்லுக்கும் வந்திருக்கிறார். அவர் நேற்று, "இன்னா அண்ணாத்த, செக்குமாடு கணக்கா சுத்திக்கினே கீற" என்று கேட்டார்.

வாரம் ஒருமுறை வரும் காது டாக்டரம்மாவிடம் சொன்னேன். அது முழுசாக நிற்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் மெதுவாக வேறு ஏதாவது சத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் மனசு அதைக் கவனிப்பதை விட்டுவிடுமாம். சந்திரமோகன் சார் போன் தரமாட்டார். சிம் இல்லாத, கேமரா இல்லாத, நெட் இல்லாத பாட்டுப்பெட்டி என்றால் சம்மதம் என்கிறார். எம்பி3 பிளேயர் என்று முன்பு விற்றார்களே, அது.

வாங்கி அனுப்பு. இல்லையென்றால் நான் இங்கே இருக்கமாட்டேன். மிரட்டுவதாக நினைக்காதே. உள்ளதைச் சொல்கிறேன்.

எட்வர்ட்

~

கும்மிடிப்பூண்டி
20 ஆகஸ்ட் 2024

மெர்சி அப்பாவுக்கு,

பிரித்தேன். படித்தேன். ஸ்டீபன் அண்ணன் கிழிக்கவில்லை. "அனுப்பாதே, முதலில் இதைக் கேட்பான், அப்புறம் வேறு ஒன்றைக் கேட்பான்" என்று மட்டும் சொன்னது.

நான் பொய் சொல்லித்தான் வண்டியில் ஏற்றினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஏறியிருப்பாயா? மெர்சி புருவத்தில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள். தழும்பு இருக்கும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட வேண்டிய பாட்டைப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைமேல் டம்ளரை எறிந்தவன், எனக்கு அமைதி தாங்கவில்லை என்று எழுதுகிறாய். நான்கு தடவை படித்தேன் அந்த வரியை. அன்றிலிருந்து அவள் வீட்டில் வாயைத் திறந்து பாடவில்லை. உனக்கு இப்போது சத்தம் வேண்டும், இங்கே சத்தம் போய்விட்டது.

இருந்தாலும் வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்று கேள்.

இங்கே பஜாரில் மூன்று போன் கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரன் சிரித்தேவிட்டான். "இன்னாக்கா, இந்தக் காலத்துல போய் இத்த கேட்டுக்கினு வர்ற, போன்லயே கேக்க வேண்டியதுதானே" என்றான். என் புருஷனுக்குப் போன் கூடாது என்று அவனிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? திருவள்ளூரில் ஒரு கடையில் காட்டினார்கள். பார்க்க அழகு, கண்ணாடி மாதிரி திரை, விரலால் தடவினால் ஓடும். உன் கை நடுக்கத்துக்கு அது ஆகாது. கண்ணை மூடிக்கொண்டே தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி பட்டன் வேண்டும். இன்னொன்றில் புளூடூத் இருந்தது. உங்கள் சார் வேண்டாம் என்பார் என்று அதையும் வைத்துவிட்டேன்.

கடைசியில் கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்யும் ஜெபாவோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஜெபாவுக்கு இந்தச் சாமான்களைப் பற்றித் தெரியும். முதலில் எடுத்த பெட்டியின் அட்டையில் பெரிதாக ஒரு கொள்ளளவு போட்டிருந்தது. அதன் கார்டை ஜெபா தன் லேப்டாப்பில் செருகி நிரப்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் ஏற்றியது எதுவும் ஓடவில்லை. போலி. திருப்பிக் கொடுத்ததற்கு அந்த ஆள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பிறகு நாலைந்து கடை தள்ளி இது கிடைத்தது. சின்னது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். பட்டன்கள் மேடாக இருக்கின்றன. நிறுத்திய இடத்திலிருந்தே மறுபடி ஓடும். நாம் சொன்ன நேரத்தில் தானே அணையும், அதை அரை மணிக்கு வைத்திருக்கிறேன். சத்தம் ஒரு அளவுக்கு மேல் போகாதபடி பூட்டும் வசதியும் இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டேன். திறக்கும் எண் என்னிடம். டாக்டரம்மாவுக்கு ஜெபா போன் போட்டுக் கேட்டாள். காதில் கேட்கும் 'கீ'யை மூழ்கடிக்கக் கூடாதாம், அதற்கு ஒரு படி கீழே வைக்க வேண்டுமாம். நீ உன் இஷ்டத்துக்குக் கூட்டிவைத்து மிச்சமிருக்கிற காதையும் கெடுத்துக்கொள்வாய்.

பழைய இயர்போனை அலமாரியிலிருந்து எடுத்தேன். இரும்புத் தூள் ரோமம் மாதிரி அதில் முளைத்திருந்தது. உள்ளே காந்தம் இருக்கிறதாம், மில் தூளையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன். ரப்பர் உறை மெர்சி எடுத்தது. கிளிப்பச்சை. "தொலைஞ்சா சீக்கிரம் கண்ணுல படும்" என்றாள். உனக்கென்று அவள் சொன்னது அவ்வளவுதான்.

ஒயரைப் பெட்டிமேல் இறுக்கிச் சுற்றாதே, பிளக் சேரும் இடத்தில் ஒயர் உடையும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதே. உங்கள் தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் விடாதே. கழுத்தில் மாட்டக் கயிறு வைத்திருக்கிறேன்.

கிறிஸ்டினா

~

ஆர்.கே.பேட்டை
29 ஆகஸ்ட் 2024

கிறிஸ்டி,

வந்தது. பார்சலைச் சந்திரமோகன் சார் தன் மேசைமேல் வைத்துப் பிரித்தார். முதல் வேலையாகக் கழுத்துக் கயிற்றைக் கத்தரியால் வெட்டினார். இங்கே யாரிடமும் கயிறு இருக்கக்கூடாதாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. இயர்போன் ஒயரையும் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தார். "பகலில் மட்டும், ஹாலில் உட்கார்ந்து" என்றார். படுக்கும்போது ஒயர் அவரிடம் போய்விடும். நல்லவேளை, பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. அதை மெதுவாக வைத்துக் கட்டில் ஓரத்தில் விடுகிறேன்.

என் பழைய சட்டையிலிருந்து பாக்கெட்டை அறுத்து, பனியனுக்கு உள்பக்கம் தைத்துக்கொண்டேன். தையல் கோணல். ஆனால் பிடிக்கிறது. இங்கே குரங்கு தொல்லை. போன வாரம் சாருடைய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மாமரத்தில் ஏறிவிட்டது. கிளிப்பச்சையைப் பார்த்தால் விடுமா? வெளியே எடுப்பதே இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இதில் ஏன் ஒரு பாட்டுகூட இல்லை? மழை, ஆறு, அருவி, மறுபடி மழை, ஃபேன் சுற்றும் சத்தம். ஃபேன் சத்தத்தைப் போய் யாராவது ஏற்றுவார்களா? முதல் இரண்டு நாள் எனக்கு ஆத்திரம். பெட்டியைச் சுவரில் அடிக்கலாமா என்றுகூட வந்தது. மூன்றாம் நாள் மழையைப் போட்டுவிட்டுப் படுத்தேன். 'கீ' இருந்தது. மழையும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தன. விடிந்துதான் எழுந்தேன்.

ஆனாலும் சாயங்காலம் ஆனால் கால் நிற்கவில்லை. கேட்டுவரைக்கும் போகிறேன், திரும்புகிறேன். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ போகிறது. கைகாட்டினால் நிற்கும். அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

குப்புராஜ் அண்ணன் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் பெட்டியை வாங்கிக் கேட்பார். ஆறு ஓடும் சத்தம்தான் அவருக்கு வேண்டும். கேட்டுக்கொண்டே அழுவார். ஏன் என்று கேட்டால், வண்டியைக் கழுவுகிற மாதிரி இருக்கிறது என்பார்.

இந்தப் பெட்டியில் குரல் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அடுத்தமுறை கார்டு அனுப்பினால் உன் குரலில் ஏதாவது பேசி அனுப்பு. என்ன வேண்டுமானாலும் பேசு. திட்டினாலும் சரி.

எட்வர்ட்

~

கும்மிடிப்பூண்டி
5 செப்டம்பர் 2024

மெர்சி அப்பாவுக்கு,

தூங்கினாய் என்று படித்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. உடனே எரிச்சலும் வந்தது. நான் இன்னும் சரியாகத் தூங்கவில்லை. தெருவில் பைக் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்தும்.

பாட்டு ஏன் இல்லை என்று கேட்டாய். நீ கேட்கிற பாட்டெல்லாம் நீ குடிக்கும்போது கேட்ட பாட்டு. முதல் வரி வந்தாலே நான் மெர்சியைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவேன். அதை என் கையால் ஏற்றி அனுப்ப மாட்டேன்.

என் குரலையும் அனுப்ப மாட்டேன். நினைத்தபோது போடவும், போதும் என்றால் நிறுத்தவும், பாதியில் தள்ளவும் நான் மழைச் சத்தம் இல்லை. இவ்வளவு வருடம் நேரில் பேசினேன். அப்போது நீ கேட்டிருக்கலாம்.

பெட்டியை யாருக்கும் கொடுக்காதே. அழுகிறவர் என்றாலும் கொடுக்காதே. சார்ஜ் போட்டால் பக்கத்திலேயே உட்கார். பின்பக்கம் ஊசியால் மெர்சி பெயரைக் கீறியிருக்கிறேன், உறையைக் கழற்றினால் தெரியும். தொலைந்தால் இன்னொன்று வாங்கமாட்டேன்.

கிறிஸ்டினா

~

கும்மிடிப்பூண்டி
14 செப்டம்பர் 2024

எட்வர்ட்,

சந்திரமோகன் சார் போன் செய்தார். நீயும் அந்த டிரைவரும் வேலி தாண்டிப் போனீர்களாம். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தாயாம். சட்டை முழுக்கச் சாராய நாற்றமாம். பெட்டியை ஒயின்ஷாப்பில் அடகு வைத்துக் குடித்ததாக உள்ளே பேச்சு என்றார். உன்னை வைத்துக்கொள்வதா வெளியே அனுப்புவதா என்று என்னைக் கேட்டார். நான் அப்போது கம்பெனி லைனில் வேலையில் நின்றுகொண்டிருந்தேன். ஜெபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் இஷ்டம் சார் என்று சொல்லிவிட்டேன்.

நான் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை இருக்கிறது என்று ஸ்டீபன் அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி பஸ் மணவாள நகரில் நிற்கும். அண்ணன் வீடும் அங்கேதான். மெர்சிக்குப் பள்ளிக்கூடமும் பேசியாகிவிட்டது. நீ வந்தால் இங்கே பூட்டு தொங்கும்.

ரிச்சி தெருவில் வெயிலில் நின்று, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்து வாங்கினேன். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

கிறிஸ்டினா

~

ஆர்.கே.பேட்டை
19 செப்டம்பர் 2024

கிறிஸ்டி,

நான் குடிக்கவில்லை. இதை முதல் வரியாக எழுதிவிட்டேன். மீதியைப் படிப்பதும் படிக்காததும் உன் விருப்பம்.

நீ சொன்ன மாதிரி பெட்டியின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். சார்ஜ் போடுகிற பிளக் ஆபீஸ் வாசலில் மட்டும்தான். அன்று சாப்பாட்டு மணி அடித்ததும் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் சார்ஜர் ஒயர் மட்டும் தொங்குகிறது, பெட்டியும் இயர்போனும் இல்லை. குப்புராஜ் கட்டிலும் காலி. காலையில்தான் அவர் வீட்டிலிருந்து தகவல் வந்திருந்தது, அவர் ஓட்டிய லாரியை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்று. சார் திருவள்ளூர் போயிருந்தார். வாட்ச்மேனிடம் சொன்னேன், "சார் வரட்டும்பா" என்றார். தோப்பின் பின்பக்கம் முள்வேலி ஓர் இடத்தில் விரிந்திருந்தது. நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

வெயிலில் ரோட்டோரமாகவே நடந்தேன். காதில் 'கீ' இதுவரை கேட்காத அளவுக்கு ஏறிவிட்டது. அவர் எங்கே இருப்பார் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒயின்ஷாப்புக்குப் பக்கத்து பாரில் உட்கார்ந்திருந்தார். பாதி இறங்கியிருந்தது. பெட்டி பார்க்காரன் கையில். ஒரு குவார்ட்டருக்கு அதை அடகு வைத்திருக்கிறார்.

என் பையில் டப்பு கிடையாது, காசெல்லாம் பீரோவில். கேட்டுப் பார்த்தேன், பார்க்காரன் தரமாட்டேன் என்றான். குப்புராஜ் எனக்கு ஒரு டம்ளரில் ஊற்றி முன்னால் தள்ளினார். "கோச்சிக்காத அண்ணாத்த, ஒரு வாய் வுடு, எல்லாம் அடங்கிடும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அடங்கும். எனக்கு அது தெரியும். நான் டம்ளரை எடுத்தேன், கிறிஸ்டி. எடுக்கவில்லை என்று எழுத மாட்டேன். மூக்குவரை கொண்டுபோனேன்.

அப்போது பார்க்காரன் இயர்போனைக் காதில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னாபா இது, பாட்டே இல்ல. வெறும் தண்ணி ஊத்துற சவுண்டு. அழிச்சிட்டு நம்ம சாங்க ஏத்திக்கலாம்" என்றான். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நீ ஒன்று ஒன்றாகக் கேட்டுப் பார்த்து ஏற்றியது. அதை இவன் ஒரு பட்டனில் அழிப்பானா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், காசுக்குப் பதில் வேலை செய்கிறேன் என்றேன். வாசலில் அப்போதுதான் சரக்கு வண்டி வந்து நின்றது. எல்லாச் சரக்குப் பெட்டியையும் நானே இறக்கினேன். குடியை விட வந்தவன் தோளில் குடியைச் சுமந்து கடைக்குள் அடுக்கினேன். கை நடுக்கத்தில் ஒரு பெட்டி சரிந்து பாட்டில்கள் என்மேலேயே உடைந்தன. சார் முகர்ந்த நாற்றம் அதுதான். உடைந்ததற்கும் சேர்த்துக் கூட நேரம் வேலை வாங்கிவிட்டுத்தான் பார்க்காரன் பாட்டுப்பெட்டியைத் தந்தான்.

குப்புராஜை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். விட மனசு வரவில்லை. தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கேட்டில் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்?

திரையில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. உறை இருந்ததால் மற்றதெல்லாம் தப்பித்தது. ஓடுகிறது. சார் என்னை அனுப்பவில்லை. ஆனால் என்னோடு பேசுவதில்லை. குப்புராஜைப் போகச் சொல்லிவிட்டார். போகும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

பூட்டு தொங்கும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு மறுபடி தோப்பைச் சுற்றினேன். வேலியை அடைத்துவிட்டார்கள். அடைக்காவிட்டாலும் போயிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

எட்வர்ட்

~

மணவாள நகர்
30 செப்டம்பர் 2024

மெர்சி அப்பாவுக்கு,

உன் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஜெபா எடுத்து அனுப்பி, இங்கே வந்து சேர்ந்தது.

சாரிடம் பேசினேன். அவரே அந்தக் கடைக்குப் போய் விசாரித்திருக்கிறார். சரக்குப் பெட்டிகளை நீ இறக்கியது உண்மை என்று பார்க்காரன் சொன்னானாம். பாட்டில் உடைந்ததும் உண்மை. குடித்தாயா என்று கேட்டதற்கு, நான் பார்க்கவில்லை என்றிருக்கிறான். உன் தோள் இரண்டும் தோல் உரிந்து கிடந்தது என்றும் சார் சொன்னார்.

குடிக்கவில்லை என்று நீ சொல்வதை நம்பப் பார்க்கிறேன். நம்பிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இதற்கு முன்பும் நீ சொல்லி நான் நம்பியிருக்கிறேன். ஆனால் டம்ளரை எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பொய் சொல்கிறவன் அதை எழுதமாட்டான் என்று ஜெபா சொல்கிறாள். கெட்டிக்காரப் பொய்யன் எழுதுவான் என்று ஸ்டீபன் அண்ணன் சொல்கிறது. நான் நடுவில் இருக்கிறேன்.

அண்ணன் வீட்டில் ரொம்ப நாள் இருக்க முடியாது. தெரு கடைசியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துவிட்டேன். என் பெயரில். ஜன்னலைத் திறந்தால் ரயில் போவது கேட்கும். மெர்சிக்கு அது பிடித்திருக்கிறது. நேற்று குளித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். நான் கதவுக்கு வெளியே அசையாமல் நின்றேன். துடைத்துக்கொண்டு வந்தவள், "இன்னாமா" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

கிறிஸ்டினா

~

ஆர்.கே.பேட்டை
9 அக்டோபர் 2024

கிறிஸ்டி,

இந்தச் சனிக்கிழமை என்னை விடுகிறார்கள். மில்லுக்குத் திரும்பிப் போகவேண்டாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். நானும் போகப் போவதில்லை. அந்த மிஷின் பக்கம் நின்றால் காதில் இருக்கிறது இன்னும் கூடும். கூடினால் நான் எங்கே போவேன் என்று எனக்கே தெரியும். செவ்வாப்பேட்டை சித்தப்பா, தண்ணீர் கேன் போடும் வேலை ஒன்று இருக்கிறது என்கிறார். அவர் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாமாம். சார் போன் போட்டுப் பேச வைத்தார்.

'கீ' இருக்கிறது. போகவில்லை. சில நேரம் பெட்டியைப் போட மறந்துவிடுகிறேன், பிறகுதான் ஞாபகம் வருகிறது. அப்படி மறந்த அன்று ஒரு மாதிரி பயமாக இருக்கிறது. இது நிலைக்குமா என்று.

உன் அறைக்கு வரலாமா என்று நான் கேட்கவில்லை. மெர்சியை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்கிறேன். வெளியே எங்காவது என்றாலும் சரி.

எட்வர்ட்

~

மணவாள நகர்
21 அக்டோபர் 2024

மாமாவுக்கு,

செவ்வாப்பேட்டைச் சித்தப்பா போனுக்குக் கூப்பிட்டு உன்னோடு பேசலாம்தான். பேசினால் நடுவில் சண்டை வரும். எழுதினால் வேண்டாததை அடித்துவிடலாம். இந்தத் தாளுக்கு முன்னால் ஒரு தாளைக் கிழித்தாகிவிட்டது.

வீட்டுக்கே வரச் சொன்னது நான்தான், ஆனாலும் நேற்று நீ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாய். உள்ளே வா என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மெலிந்துவிட்டாய். சாப்பிட்ட தட்டை நீயே கழுவி வைத்தாய். மெர்சி பக்கத்தில் வரவில்லை. நீயும் கூப்பிடவில்லை. அது நல்லது. அவள் கட்டில்மேல் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ அவள் புருவத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். மன்னித்துக்கொள் என்று அவளிடம் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. எனக்கு முதலில் கோபம்தான். பிறகு யோசித்தேன், அப்படிச் சொல்லியிருந்தால் அந்தச் சின்னப் பிள்ளை, பரவாயில்லைப்பா என்று பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பரவாயில்லை என்று அவள் இப்போது சொல்லவேண்டாம். பிறகு நீ சொல். அவள் கேட்கிற மாதிரி ஆனபிறகு சொல்.

ரயில் போகும்போதெல்லாம் உன் முகம் சுருங்கியது. நீ காதைப் பொத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. போய்விடுவாய் என்று எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நீ போனபிறகு மெர்சி கட்டிலுக்கு அடியில் பந்தைத் தேடினாள். கையில் உன் பெட்டியோடு எழுந்தாள். உன் பனியன் தையல் பிரிந்து விழுந்ததா, நீயாகவே வைத்துவிட்டுப் போனாயா, தெரியவில்லை. அவள் உறையைக் கழற்றிப் பின்பக்கம் தன் பெயரைப் பார்த்தாள். "இது அப்பாவுதா, என்னுதா" என்று கேட்டாள். அப்பாவுடையது, நீ பார்த்துக்கொள் என்றேன். கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாகச் சொன்னாய். அதுவரை இது இல்லாமல் நீ எப்படிப் படுப்பாய்? அங்கே வேறு எதை வைத்துத் தூங்குவாய் என்று எனக்கு நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த நினைப்போடு ஞாயிற்றுக்கிழமை வரை இருக்க என்னால் ஆகாது.

வியாழக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் வீட்டில் இருப்பேன். வந்து எடுத்துக்கொண்டு போ. சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

கிறிஸ்டி